பன்னீர்க் கிணற்றுத் தண்ணீர்

சேசு மரி சூசை துணை

இலந்தைத்துறை
15-1-1953

அன்புள்ள கிரேசிக்கு,

செல்வன் எழுதுவது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடிதம் போடுகிற வழக்கம் நம் துறையில் கிடையாது என்று எனக்கும் தெரியும். உன் வியாகுலம்மாள் சித்தி கண்ணை உருட்டினால், பங்குச் சாமியார்தான் எழுதச் சொன்னார் என்று சொல்லிவிடு. பொய்யில்லை. அவர் எழுதச் சொன்னது நாலு வரி. மீதிக்கு நான் பொறுப்பு.

போன ஞாயிறு பூசையில் நம்முடைய முதல் ஓலையை வாசித்தார்கள். மரியான் மகன் செல்வனும் பனியடிமை மகள் கிரேசியும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து அறிவிக்கவும் என்று சாமியார் வாசித்தபோது கோயிலில் ஒருத்தர் இருமக்கூட இல்லை. இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை கல்யாணம். புது வேட்டிக்கு மடிப்புப் போட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாமியார் என்னையும் உன் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார். "பெண்ணுக்க ஞானஸ்நானச் சீட்டு இன்னும் வரல்லியே பனியடிமை" என்றார். உன் அப்பாவைத்தான் தெரியுமே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சீட்டு எதுக்கு சாமி? அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தவனே மாப்பிள்ளையா நிக்கான். இவன்கிட்ட கேட்டுக்கிடுங்க" என்றார்.

சாமியார் ஊருக்குப் புதிது, அவருக்கு விளங்கவில்லை. உன் அப்பா ஆதியோடந்தமாகச் சொன்னார். நீ பிறந்த அன்றைக்கு ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தது, நீ அழாமல் நீலம் பாரித்துக் கிடந்தது, மருத்துவச்சி தங்கபாய்க்கு உன் அம்மையை விட்டுக் கையெடுக்க முடியாமல், வாசலில் நின்ற ஒன்பது வயசுப் பயலான என்னைக் கூப்பிட்டு, "ஏலே, மந்திரம் படிச்சிருக்கேல்லா, பிள்ளை போவதுக்கு முந்தி தலையில தண்ணி ஊத்திச் சொல்லுலே" என்றது, நான் ஊற்றியதும் நீ வீறிட்டு அழுதது எல்லாம். கடைசியில், "இவன் கையால ஞானஸ்நானம் வாங்கினவ, இவன் கையாலயே தாலியும் வாங்கட்டு. எல்லாம் சர்வேசுரன் செயல்" என்று முடித்தார்.

சாமியார் பேனாவை மூடி வைத்தார். "பனியடிமை, ஞானஸ்நானம் குடுத்தவன் அந்தப் பிள்ளைக்கு ஞானத் தகப்பன் முறை. அப்பனுக்கே மகளைக் கட்டி வைக்கச் சொல்லுதியா?" என்றார்.

இருபது வருஷமாக ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதை இது. இது தடை என்று நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். சாமியாரும் பாவம், தன்னால் ஆனதைச் சொன்னார். தனக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாருக்கு எழுதி விலக்குக் கேட்கலாமாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டாராம். அதற்கும் முதலில் உன் ஞானஸ்நானப் பதிவு வேண்டும். நீ பிறந்தபோது நம் துறை தனிப் பங்கு இல்லை, நாகர்கோவில் பழைய மாதா கோயிலின் கிளை. உன் பெரியம்மை அன்றைக்கே உன்னை மாட்டு வண்டியில் அங்கே கொண்டுபோனாள், மிச்சச் சடங்குகளை அந்தக் கோயில் சாமியார் செய்தார். ஆகவே பதிவு அங்கேதான் இருக்கும். அது வரும்வரை இரண்டாம் ஓலை வாசிக்கப் போவதில்லை. பிப்ரவரி பதினெட்டு விபூதிப் புதன். அது தாண்டினால் தபசு காலம், கல்யாணப் பேச்சே கிடையாது.

நீ தங்கியிருக்கும் சித்தி வீட்டிலிருந்து அந்தக் கோயில் இரண்டு தெருதானே. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு எட்டு போய்க் கேட்டு எழுது.

இன்னும் தன்னை மாப்பிள்ளை என்றே எண்ணிக்கொண்டிருக்கும்,
செல்வன்


சேசு மரி சூசை துணை

நாகர்கோவில்
20-1-1953

என் பாசமுள்ள ஞானத் தகப்பனார் செல்வன் வாத்தியார் அவர்களுக்கு,

ஞான மகள் கிரேசி தெண்டனிட்டு எழுதுவது. கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைச் சித்திதான் முதலில் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பனும் மகளும் எழுதிக்கிடுத கடுதாசிய நான் எதுக்குத் தடுக்கணும்? எழுது மோளே" என்று மைக்கூட்டை அவளே எடுத்து வைத்தாள். தடை வந்ததில் இப்படி ஒரு லாபம்.

நான் இந்த ஊருக்கு வாத்திச்சி வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் அந்தக் கோயிலில்தான் பூசை காண்கிறேன். ஆனால் பீடத்தையும் முன் பெஞ்சுக்காரிகளின் கொண்டையையும் தவிர வேறொன்றையும் நான் அங்கே பார்த்ததில்லை என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

கோயில் கணக்கப்பிள்ளை பெயர் முத்துநாயகம். அறுபது வயதிருக்கும், காதில் எப்போதும் ஒரு பென்சில். பதிவுப் புத்தகம் எல்லாம் இரும்பு அலமாரியில், அலமாரிச் சாவி பங்குச் சாமியாரிடம், சாமியார் தியானத்துக்குப் போயிருக்கிறார், இருபத்தொன்பதாம் தேதிதான் வருவார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். "சாவிதானே இல்ல, கோயில் இருக்குல்லா. வந்தது வந்தே, பாத்துட்டுப் போ பிள்ளே" என்றார். ஒரு மணி நேரம் விடவில்லை. திங்கட்கிழமை நானாகவே மறுபடி போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலில் அது வெறும் ஓலைக் கொட்டகையாம். கட்டியது யார் தெரியுமா, நம் ஆட்கள்தான். கருவாடு கொண்டு சந்தைக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் திரும்பிப் போக முடியாமல், நாலு தென்னங்கால் நட்டு ஓலை வேய்ந்துகொண்டார்களாம். ஊர்க்காரர்கள் அதைக் கருவாட்டுக் கோயில் என்றுதான் கூப்பிடுவார்களாம். இனிமேல் யாராவது கடற்கரைக்காரி என்று என்னை இளக்காரமாகப் பார்த்தால், இந்தக் கோயிலே எங்களுடையது என்று சொல்வேன்.

பிறகுதான் கல் கோயில் வந்தது. மேலே அண்ணாந்து பார்க்கச் சொன்னார். உத்தரங்கள் எல்லாம் கரை ஒதுங்கிய ஒரு கப்பலின் பாய்மரங்களாம். கயிறு ஓடிய துளைகள் அப்படியே இருக்கின்றன, குருவி கூடு வைத்திருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசியிருக்கிறார்கள். முதல் வருஷம் முழுக்கச் சுவரெல்லாம் எறும்பாம். அப்போதிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிற ஒவ்வொரு சாமியாருக்கும் எறும்போடுதான் பாடு. "எறும்ப ஏய்க்க முடியாது பிள்ளே. இனிப்பு எங்க இருந்தாலும் அதுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் கணக்கப்பிள்ளை.

ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டினார். ஒற்றைக் கல். செதுக்கியது சுசீந்திரம் பக்கத்துக் கல்தச்சர்கள். அடியில் என்ன செதுக்க வேண்டும் என்று கேட்டபோது, அன்றிருந்த வெள்ளைக்காரச் சாமியாருக்குத் தமிழ் போதாமல், "நல்லதா ஏதாவது" என்றாராம். அவர்களுக்குத் தெரிந்த நல்லது தாமரை. இதழ் இதழாக விரித்து, அதன் மேல் தொட்டியை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் விரலால் தடவிப் பார்த்தேன். இந்தத் தொட்டியருகேதான் பெரியம்மை என்னைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. பெயர் பன்னீர்க் கிணறு. பன்னீர் மரம் ஒன்றையும் காணோமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கதை இது. நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய துணி வியாபாரி ஒருவர், தவமிருந்து பெற்ற தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, கண்ட தண்ணீர் வேண்டாம் என்று வெள்ளிக் குடம் நிறையப் பன்னீர் கொண்டுவந்தாராம். சாமியார் மோந்து பார்த்துவிட்டு, "இத ஊத்தினா பிள்ளை மணக்கும். ஞானஸ்நானம் ஆவாது. அதுக்கு ஆண்டவர் படைச்ச வெறுந்தண்ணிதான் வேணும்" என்று குடத்தைக் கிணற்றடியில் கவிழ்த்து, அதே குடத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கச் சொன்னாராம். அன்றைக்கு முழுக்க அந்த இடமே மணந்ததாம். நானும் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தேன். மணமும் இல்லை ஒன்றும் இல்லை, கொஞ்சம் உப்பு.

சாமியார் தியானம் முடிந்து வந்ததும் போய்ப் பதிவை வாங்கி அனுப்புகிறேன். அதுவரை தகப்பனார் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அங்கே என்னைப் பற்றி எல்லாரும் என்ன சொல்லுகிறார்கள் என்று எழுதுங்கள், எதையும் மறைக்காமல்.

கீழ்ப்படிதலுள்ள ஞான மகள்,
கிரேசி


இலந்தைத்துறை
22-1-1953

அன்புள்ள கிரேசிக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் கோயிலுக்குச் சிரித்தேன், தாமரைக்குச் சிரித்தேன். பன்னீர்க் கிணற்றுக் கதையை மூன்று தடவை படித்தேன். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்து பிள்ளைகள் தாங்களாகவே முதலிலிருந்து தொடங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உன் தலையில் நான் ஊற்றியது தண்ணீர் இல்லை.

தங்கபாய் கத்தியதும் நான் உள்ளே ஓடினேன். குடம் காலியாக இருந்தது. ஊர்க் கிணறு தோப்பைத் தாண்டி. போய் வருவதற்குள் நீ இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். உன் அம்மைக்குக் குடிக்க ஒரு இளநீரைச் சீவி மூலையில் வைத்திருந்தார்கள். அதை எடுத்துத்தான் உன் நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே உன்னைக் கழுவுகிறேன் என்று சொன்னேன். நீ அழுதாய். தங்கபாய் என்னைக் கட்டிப்பிடித்து முத்தினாள். அதற்குப் பிறகு தண்ணீர் எங்கிருந்து எடுத்தாய் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். பெரியம்மை சாட்சிக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் நாகர்கோவிலுக்குப் போனாள். உனக்குக் குளிர் பட்டுவிடும் என்று குளிப்பாட்டக்கூட இல்லை, துணியில் சுற்றியபடியே கொண்டுபோனோம். அங்கே நீளத் தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார் உன்னை வாங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணிதானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வண்டியிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவர் என் கழுத்தில் மாதா சுரூபம் ஒன்றைப் போட்டார். அடுத்த வருஷம் அவர்தான் என்னைப் போர்டிங் பள்ளியில் சேர்த்துவிட்டார். இன்றைக்கு நான் வாத்தியாராக இருப்பது அந்தத் தலையாட்டலால்தான்.

பெரியவனானதும் எனக்கே இது உறுத்தியது. இளநீரும் தண்ணீர்தானே, ஆண்டவர் காயில் வைத்த தண்ணீர் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ சொன்ன கதை அந்தச் சமாதானத்தைக் கவிழ்த்துவிட்டது. பன்னீர் ஆகாது என்றால் இளநீர் எப்படி ஆகும்? தண்ணீர் ஊற்றியாயிற்று என்று நம்பித்தானே அந்தச் சாமியார் மிச்சச் சடங்கை மட்டும் செய்திருப்பார். அப்படியானால் கிரேசி, உனக்கு இன்றுவரை ஞானஸ்நானமே ஆகவில்லை. அதற்குக் காரணம் நான்.

சுரூபத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செல்வன்


நாகர்கோவில்
25-1-1953, ஞாயிறு

செல்வன் வாத்தியார் அவர்களுக்கு,

இன்று பூசையில் எல்லாரும் நாவில் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சித்தி, "வெறும் வயித்தோட வராம காப்பி குடிச்சிட்டியா மோளே?" என்று காதோடு கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

முதல் நன்மை வாங்கியபோது அம்மை எனக்கு வெள்ளைப் பாவாடை தைத்துப் போட்டாள். உறுதிபூசுதலுக்கு மேற்றிராணியார் என் கன்னத்தில் தட்டினார். வாராவாரம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதெல்லாம் என்ன? வாசலிலேயே நின்றவள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேனா? எனக்கு உங்கள் மேல் மிகவும் கோபமாக இருக்கிறது. ஒன்பது வயதுப் பையன் மேல் இல்லை. அவன் பயந்துபோய்க் கைக்குக் கிடைத்ததை ஊற்றினான். பத்தொன்பது வயதில் ஒருவர் இருந்தாரே, இருபத்தைந்து வயதில் இருந்தாரே, அவர் மேல்.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். சாமியாரிடம் சொன்னீர்களா? அப்பாவிடம் சொன்னீர்களா? அதைச் செய்யாமல் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.

கிரேசி


இலந்தைத்துறை
27-1-1953

அன்புள்ள கிரேசிக்கு,

இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த கையோடு சாமியாரிடம் போனேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன். இளநீர் என்றதும் அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "இளநீர் தண்ணி இல்ல செல்வா. அது ஞானஸ்நானம் இல்லேன்னா ஞானத் தகப்பன் முறையும் இல்ல. தடை போச்சு. ஆனா ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய நான் எப்படிலே கட்டி வைக்கது? தடை போனதோட பொண்ணும் போச்சே" என்றார். தாடிச் சாமியார் பதிவில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும் என்கிறார். அவர் சடங்கை மட்டும் செய்திருந்தால் நீ முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். அப்படித்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே எழுந்து நின்று ஊராரிடம் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிடுகிறேன் என்றேன். "வேலைய நான் குடுக்கது, நான் வாங்கது. நீ போய்ப் பாடம் நடத்து" என்றார்.

அங்கிருந்து உன் அப்பாவிடம் போனேன். கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "நீ அத ஊத்தினதும் எம்பிள்ள அழுதாளா?" என்று கேட்டார். "அழுதா மாமா" என்றேன். "அப்பம் எனக்கு அது போதும். சாமிக்குப் போதாதுன்னா அவர் பாத்துக்கிடட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். உன் அம்மை உள்ளேயிருந்து எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். என்னால் குடிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் தங்கபாய் வந்துவிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே செய்தி போய்விட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏலே, அந்தக் கருக்க நான்தான் சீவி வச்சேன். பொறவு பாத்தா காலியாக் கெடக்கு. பிள்ள சாவக் கெடக்குத நேரத்திலயும் இந்தப் பய இளநியக் குடிச்சிட்டு நிக்கானேன்னு இருவது வருசமா மனசுக்குள்ள உன்ன ஏசிக்கிட்டிருந்தேன் மக்கா. நீ குடிக்கலியா?" என்று கேட்டாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்றேன். "அப்பம் சரி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். உன் அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தால் நல்லது.

நீ கேட்டது சரி. பத்தொன்பது வயதில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது போர்டிங்கில் தங்கி வாத்தியார் பயிற்சி படித்தேன், அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இருபத்தைந்தில் உன்னைப் பெண் கேட்கலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது, பயம் இன்னும் கூடிவிட்டது. இதைச் சொன்னால் உன்னை இழந்துவிடுவேன் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்ததால்தான் இழக்கப் போகிறேனோ என்று இப்போது நினைக்கிறேன். பதிவில் எது இருந்தாலும் மறைக்காமல் எழுது. நீ வேண்டாம் என்றால் அதையும் எழுது.

செல்வன்


சேசு மரி சூசை துணை

நாகர்கோவில்
30-1-1953, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

இதைத் தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வருமோ வராதோ. மீன் கொண்டுவந்த ஜான்ரோஸ் திரும்பும்போது கையோடு கொடுத்து அனுப்புகிறேன். கூட இருக்கும் முத்திரை வைத்த உறை நம் சாமியாருக்கு. அதை நீங்கள் பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பதை நான் சொல்கிறேன்.

நேற்று நாலு மணிக்கெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டேன். சாமியார் தியானத்திலிருந்து திரும்பி இன்னும் பெட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. கணக்கப்பிள்ளை அவரைக் கையோடு அழைத்துவந்து அலமாரியைத் திறக்க வைத்தார். 1932 புத்தகத்தின் ஓரம் முழுக்கச் செல்லரித்திருந்தது. என் பக்கம் இருக்குமோ இருக்காதோ என்று நானும் குனிந்து பார்த்தேன். இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் போயிருந்தது.

எல்லாம் லத்தீன். என் பெயர் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தனக்குள் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார், மறுபடி படித்தார். "என்ன சாமி, சடங்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். "இரி மோளே, ஒவ்வொரு வரியாச் சொல்லுதேன்" என்றார். அவர் சொன்னதை அங்கேயே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்.

"இலந்தைத்துறை பனியடிமையின் மகள், இன்று காலை பிறந்தது. ஆபத்தில் ஒரு சிறுவன் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். சிறுவன் தண்ணீர் என்கிறான். குழந்தையின் தலையில் எறும்பு ஏறியிருக்கிறது. ஆகையால் கோயில் கிணற்றுத் தண்ணீரால் நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். சிறுவனிடம் சொல்லவில்லை. அவன் தன் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறான்."

அவ்வளவுதான், கீழே கையெழுத்து. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கப்பிள்ளை, "நான் சொன்னேன்லா பிள்ளே, எறும்ப ஏய்க்க முடியாதுன்னு" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எனக்கு எல்லாம் ஆகியிருக்கிறது அத்தான். வெள்ளைப் பாவாடையும் நன்மையும் எல்லாம் நிஜம்.

இன்னொரு வேடிக்கை. சாட்சியாக ஞானத் தகப்பன் இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அருளப்பன். அந்தக் காலத்துக் கோயில் கணக்கப்பிள்ளை, நம் முத்துநாயகத்தின் அப்பா. திடீரென்று வந்த பிள்ளைக்கு வேறு ஆள் இல்லாததால் அவரையே நிறுத்தியிருக்கிறார்கள். முத்துநாயகம் அதைக் கேட்டதும் காதிலிருந்த பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "அப்பம் நீ எங்க அப்பனுக்கு ஞானப்பிள்ளையா? எனக்குத் தங்கச்சியா?" என்று ஒரே பேச்சு. கல்யாணத்துக்கு அண்ணன் முறைக்குச் சீலை கொண்டுவருவாராம். வந்தால் நம் கோயிலுக்கும் ஒரு கதை கண்டுபிடித்துச் சொல்லாமல் போக மாட்டார், எச்சரிக்கை.

சாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் தாடிச் சாமியார்; பக்கத்தில் நின்ற பெரியம்மை அதையும் மிச்சச் சடங்கு என்றே நினைத்திருப்பாள். உங்களுக்கும் எனக்கும் ஒரு முறையும் இல்லை, தடையும் இல்லை, மேற்றிராணியாரின் விலக்கும் வேண்டாம். அதெல்லாம் உறைக்குள் எழுதியிருக்கிறது. நாளை மறுநாள் இரண்டாம் ஓலை, அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை, மறுநாள் கல்யாணம். அப்பாவிடம், இனிமேல் எந்தச் சாமியாரிடமும் எந்தப் பெருமையும் பேசக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் பன்னீர்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் எல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் தலையாட்டியது பொய் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்த பிறகுதான் வண்டியருகே வந்து, தூங்கி எழுந்த பையன் கழுத்தில் சுரூபத்தைப் போட்டிருக்கிறார். தெரிந்துதான் பள்ளிக்கூடத்திலும் சேர்த்திருக்கிறார். நீங்கள் யாரையும் ஏமாற்றி எதையும் வாங்கவில்லை. அந்தச் சுரூபத்தை எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு இளநீர் சீவித் தாருங்கள். குடிக்கத்தான்.

உங்கள்
கிரேசி